இருட்டைப் படம் எடுப்பது

கொல்லிமலைக்கு நானும் மாமாவும் போனது ஒரு பிப்ரவரி அமாவாசை. காரவள்ளியில் ஆரம்பித்து எழுபது கொண்டை ஊசி வளைவு. ஐம்பதாவது வளைவுக்கு மேல் மாமா பேசுவதை நிறுத்திவிட்டார். அவருக்கு வயிற்றைப் புரட்டியது. செம்மேட்டில் டீ குடித்து, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மேட்டில் முக்காலியை நட்டு, கேமராவை வடக்கே திருப்பினேன். நாலு நிமிட எக்ஸ்போஷர். நாலு நிமிடம் முடிந்ததும் 'க்ளக்' என்று ஷட்டர் மூடியது. ஆனால் படம் வரவில்லை. திரையில் 'வேலை நடக்கிறது' என்கிற மாதிரி ஒரு விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"என்ன மாப்ள, மாட்டிக்கிச்சா?"

"இல்லைங்க மாமா. இன்னும் நாலு நிமிஷம் ஆகும். இப்ப இருட்டைப் படம் எடுக்குது."

மாமா முப்பது வருடம் ராசிபுரம் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தவர். கேமராவைப் பற்றி அவருக்குத் தெரியாத விஷயத்தை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "வெளிச்சம் இல்லாம படம் எடுத்து என்னத்துக்கு?" என்றார்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். ஒரு இரவில் சொல்லி முடிக்க முடியவில்லை.

1

முதலில் மாமா பார்த்த அழுக்கைச் சொல்ல வேண்டும். அந்த 'இருட்டு எடுக்கும்' வசதியை அணைத்துவிட்டு இன்னொரு படம் எடுத்துக் காட்டினேன். நட்சத்திரங்கள் சின்னச் சின்னக் கோடுகளாக இருந்தன. பூமி சுற்றுவதால் நாலு நிமிடத்தில் வானம் ஒரு டிகிரி நகர்ந்துவிடும். அந்தக் கோடுகளுக்கு இடையே சிவப்பு, நீலம், பச்சை என்று நூற்றுக்கணக்கான புள்ளிகள். "மொளகாப்பொடி தூவுன மாதிரி இருக்குது" என்றார் மாமா.

கோடாக இருப்பது நட்சத்திரம். புள்ளியாக இருப்பது பொய். வானத்தில் இருப்பது எல்லாம் நகர வேண்டும், கேமராவுக்குள் இருப்பது நகராது.

சென்சார் என்பது சிலிக்கான் தகடு. ஒளித்துகள் ஒன்று வந்து விழுந்தால் ஒரு எலக்ட்ரான் கழன்று பக்கத்துக் குழியில் சேரும். எக்ஸ்போஷர் முடிந்ததும் ஒவ்வொரு குழியிலும் எத்தனை எலக்ட்ரான் என்று எண்ணினால் அதுதான் படம். சிக்கல் என்னவென்றால், எலக்ட்ரானைக் கழற்ற ஒளிதான் வேண்டும் என்பதில்லை, சூடும் போதும். மூடியைப் போட்டு இருட்டில் வைத்தாலும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் சொட்டிக்கொண்டே இருக்கும். சரியாக மூடாத குழாய் மாதிரி. இதற்கு டார்க் கரன்ட் என்று பெயர். பகலில் நூறில் ஒரு பங்கு விநாடிக்கு ஷட்டரைத் திறந்தால் இந்தச் சொட்டு கணக்கிலேயே வராது. நாலு நிமிடம் திறந்து வைத்தால் குடம் நிறையும். சில குழிகளில் சிலிக்கானின் படிக அமைப்பிலேயே குறை இருக்கும். அங்கே சொட்டு அல்ல, ஒழுக்கு. அவைதான் அந்த வண்ணப் புள்ளிகள், ஹாட் பிக்சல்கள்.

சிலிக்கான் சென்சாரில் வெப்பம் ஆறிலிருந்து எட்டு டிகிரி கூடினால் இந்த ஒழுக்கு இரட்டிப்பாகும். மலை மேல் 17 டிகிரி என்றும் அதே நேரம் கீழே நாமக்கல்லில் கோடை இரவு 35 டிகிரி என்றும் வைத்துக்கொண்டால், கீழே எடுத்த படத்தில் சுமார் ஆறு மடங்கு மிளகாய்ப்பொடி. சமவெளிக்காரன் ராத்திரி வானத்தை எடுக்க மலையேறுவதற்கு இருட்டு மட்டும் காரணமில்லை, குளிரும்தான்.

கேமரா செய்த தந்திரம் இதுதான். அதே நாலு நிமிடம், அதே சூடு, ஆனால் ஷட்டர் மூடி. அந்தப் படத்தில் வானம் இல்லை, கேமராவின் சொந்தக் குறைகள் மட்டும் இருக்கும். முதல் படத்திலிருந்து இதைக் கழித்தால் ஹாட் பிக்சல்கள் காணாமல் போகும். டார்க் ஃப்ரேம் என்பார்கள். இதைக் கேமரா கம்பெனிக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. வானியலாளர்களிடமிருந்து வந்த பழக்கம் இது. அந்த வேலை நடந்த இடங்களில் ஒன்று சேலத்திலிருந்து வடகிழக்கே, ஜவ்வாது மலையில் இருக்கிறது.

2

காவலூர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். அதை உருவாக்கியவர் வைணு பாப்பு. 1927-இல் சென்னையில் பிறந்தவர். அப்பா ஹைதராபாத் நிஜாமியா வான்நோக்ககத்தில் வேலை பார்த்தவர். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, 1949-இல், ஒரு புகைப்படத் தகட்டில் இருக்கக் கூடாத ஒன்றைப் பார்த்தார். அது ஒரு வால்நட்சத்திரம். பார்ட் பாக், கார்டன் நியூகிர்க் இருவரின் பெயரோடும் சேர்த்து பாப்பு-பாக்-நியூகிர்க் என்று அதற்குப் பெயர் வந்தது. இதில் என்னை நிறுத்தும் விஷயம் ஒன்றுதான். தகட்டில் கறை இருப்பது சாதாரணம். மருந்துப் பூச்சில் குறை, தூசி, கழுவும்போது வந்த குமிழி. நூறு கறைகளுக்கு நடுவே ஒரு கறையைப் பார்த்து 'இது அழுக்கில்லை' என்று சொல்லத் தெரிய வேண்டும்.

1960-இல் அவர் கொடைக்கானல் வான்நோக்ககத்தின் பொறுப்பை ஏற்றார். அது 1899-இல் தொடங்கப்பட்ட இடம், முதன்மையாகச் சூரியனுக்கானது. இரவு வானத்துக்கு வேறு இடம் வேண்டும் என்று தேடிப் பிடித்ததுதான் காவலூர். 1960-களின் இறுதியில் அங்கே 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972-இல் ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது.

அந்தக் காலத்தில் சென்சார் இல்லை, கண்ணாடித் தகடுதான். தகட்டுக்கும் இருட்டில் ஒரு வியாதி உண்டு, ஆனால் நம் சென்சாருக்கு நேர் எதிரான வியாதி. சென்சார் நீண்ட நேரம் திறந்திருந்தால் இல்லாததைப் பார்க்கும். தகடு நீண்ட நேரம் திறந்திருந்தால் இருப்பதையே மறக்கும். மங்கலான ஒளி மெதுவாக வரும்போது, முதல் ஒளித்துகள் செய்த மாற்றம் அடுத்தது வருவதற்குள் அழிந்துவிடும். அதனால் நேரத்தை இரட்டிப்பாக்கினால் கருமை இரட்டிப்பாகாது. 1900 வாக்கிலேயே ஜெர்மன் வானியலாளர் கார்ல் ஷ்வார்ட்ஸ்சைல்டு இதற்கு ஒரு சூத்திரம் எழுதினார். பிற்காலத்தில் கருந்துளைக் கணக்கில் பெயர் வாங்கிய அதே ஷ்வார்ட்ஸ்சைல்டுதான்.

இதை மாமாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "இது எனக்குத் தெரியும்டா. தேர்த்திருவிழாவுல ராத்திரி தேரை எடுக்கும்போது, பத்து செகண்டுக்கு வராதது இருபது செகண்டுக்கும் வராது. அம்பது வைக்கணும். சூத்திரம் கீத்திரம் தெரியாது, கைக்குத் தெரியும்."

தகட்டின் மறதியைக் குறைக்க வானியலாளர்கள் ஏறக்குறைய சமையல் செய்தார்கள். தகடுகளை நைட்ரஜன் வாயுவில் வைத்து மணிக்கணக்காக மிதமான சூட்டில் வாட்டினார்கள். ஹைட்ரஜனில் ஊறவைத்தார்கள். இப்படியெல்லாம் செய்தும் தகட்டில் விழுந்த நூறு ஒளித்துகளில் ஒன்று பதிவானால் பெரிய விஷயம்.

3

காவலூரின் புகழ்பெற்ற இரவு 1977 மார்ச் 10. அன்று யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தின் முன்னால் கடக்கப் போகிறது என்று கணித்திருந்தார்கள். கிரகம் நட்சத்திரத்தை எப்போது மறைக்கிறது, எப்போது விடுகிறது என்று அளந்தால் கிரகத்தின் அளவும் வளிமண்டலமும் தெரியும். அமெரிக்கக் குழு ஒன்று, ஜேம்ஸ் எலியட் தலைமையில், இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் தொலைநோக்கியோடு பறந்துகொண்டிருந்தது. காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஒளிமானியைப் பொருத்தி உட்கார்ந்திருந்தார்கள்.

எதிர்பார்த்த நேரத்துக்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சில விநாடிகள் இறங்கி மறுபடி ஏறியது.

அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மென்பொருள் எழுதுகிறவன் நான். வரைபடத்தில் திடீரென்று ஒரு பள்ளம் வந்தால் 'அவுட்லையர்' என்று சொல்லி, முன்னும் பின்னும் உள்ள அளவுகளின் சராசரியைப் போட்டு நிரப்பிவிடுவேன். அதற்கு ஒரு வரி நிரல் போதும். மேகம் கடந்திருக்கலாம், கருவி தடுமாறியிருக்கலாம். நியாயமான காரணங்கள் எத்தனையோ இருந்தன.

அவர்கள் நிரப்பவில்லை. பள்ளத்தைப் பள்ளமாகவே எடுத்துக்கொண்டு, யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் இருக்கிறது என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். அந்த விளக்கம் தவறு. விமானத்தில் இருந்த குழுவுக்கு கிரகத்தின் இரண்டு பக்கமும் சமச்சீராகப் பள்ளங்கள் கிடைத்திருந்தன, அதனால் அது வளையம் என்று தெரிந்தது. சனிக்கு இருப்பது போல யுரேனஸுக்கும் வளையங்கள் இருக்கின்றன. காவலூரில் பதிவானதும் ஒரு வளையம் நட்சத்திரத்தை மறைத்த கணம்தான். விளக்கம் மாறியது, ஆனால் அளவு அப்படியே நின்றது. இரைச்சல் என்று சொல்லித் துடைத்திருந்தால் திருத்துவதற்குக்கூட எதுவும் மிஞ்சியிருக்காது.

இன்னொரு சம்பவம் 1988 பிப்ரவரியில். காவலூரின் 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியில் எடுத்த தகடுகளில் ஆர். ராஜமோகன் ஒரு புதிய சிறுகோளைக் கண்டார். அந்தத் தேடலுக்கு 'கல்கி' என்று பெயர் வைத்திருந்தார்கள். சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வந்தது, எண் 4130. சென்னை வான்நோக்ககத்தில் நார்மன் பாக்சன் 1861-இல் 'ஆசியா' என்ற சிறுகோளைக் கண்டவர், பிறகும் சிலவற்றைக் கண்டார். அவருடைய காலத்துக்குப் பின் நூறாண்டுக்கும் மேலான இடைவெளியில் இந்திய மண்ணிலிருந்து கிடைத்தது ராமானுஜன்.

சிறுகோளைத் தகட்டில் பிடிப்பதும் இரைச்சலோடு போராடுவதுதான். ஒரே இடத்தை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். நட்சத்திரங்கள் எல்லாத் தகட்டிலும் ஒரே அமைப்பில் இருக்கும். தகட்டின் கறை ஒரு தகட்டில் மட்டும் இருக்கும். சிறுகோள் எல்லாவற்றிலும் இருக்கும், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறியிருக்கும். திரும்ப வருவது உண்மை, ஒரு தடவை வந்து போவது பொய். இன்றைக்கு நாம் இருபது முப்பது படங்களை அடுக்கிச் சராசரி எடுப்பதற்கும் இதே தர்க்கம்தான் அடிப்படை. ஹாட் பிக்சலில் மட்டும் இது தலைகீழ். அது திரும்பத் திரும்ப வரும் பொய். அதனால்தான் ஒவ்வொரு படத்துக்கும் இடையே கேமராவைச் சற்றே நகர்த்துகிறோம். வானம் நகரும், பொய் நகராமல் மாட்டிக்கொள்ளும்.

4

1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி என்ற கருவியை வரைந்தார்கள். 2009-இல் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது. 1976-இல் அரிசோனாவில் ஒரு தொலைநோக்கியில் அதைப் பொருத்தி கிரகங்களைப் படம் எடுத்தார்கள். தகடு நூறில் ஒன்றைப் பிடித்த இடத்தில் நல்ல சிசிடி எண்பது, தொண்ணூறைப் பிடித்தது. சில ஆண்டுகளிலேயே தகடுகளின் காலம் முடியத் தொடங்கியது.

ஆனால் சிசிடிக்கு அந்த ஒழுகும் குழாய் வியாதி இருந்தது. மணிக்கணக்கில் எக்ஸ்போஷர் வைக்கும் வானியலாளருக்கு அது பெரிய தலைவலி. அவர்கள் கண்ட மருந்து குளிர். மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைக் குடுவையில் ஊற்றி, சிசிடியை மைனஸ் நூறு டிகிரி அளவுக்குக் கொண்டுபோனார்கள். ஏழு டிகிரிக்கு ஒரு தடவை பாதியாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒழுக்கு லட்சக்கணக்கான மடங்கு குறைகிறது. அதற்குப் பிறகும் மிஞ்சுவதற்குத்தான் அளவீட்டுப் படங்கள். நேரமே கொடுக்காமல் எடுப்பது பயஸ், அது மின்சுற்றின் சொந்தக் குறைக்கு. மூடி போட்டு எடுப்பது டார்க், அது சூட்டுக்கு. அந்தி வானத்தைப் போன்ற சீரான வெளிச்சத்தை எடுப்பது ஃபிளாட், அது கண்ணாடியில் இருக்கும் தூசிக்கும் ஒவ்வொரு குழியின் உணர்திறன் வேறுபாட்டுக்கும். வானத்தைப் பார்ப்பதற்கு முன்னும் பின்னும் வானியலாளர் தன் கருவியையே இத்தனை தடவை பார்க்கிறார்.

நம்மிடம் திரவ நைட்ரஜன் இல்லை, ஃபிரிட்ஜ் இருக்கிறது. மலையில் ஒவ்வொரு படத்துக்கும் நாலு நிமிடம் இருட்டு எடுத்தால் பாதி இரவு வீண். அதனால் வீட்டுக்கு வந்து, மூடி போட்ட கேமராவை மாமா வீட்டு ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்து, மலையின் சூட்டுக்கு நெருக்கமான நிலையில் பதினாறு டார்க் எடுத்தேன். ஒன்றுக்குப் பதில் பதினாறு ஏன் என்றால், ஒரு டார்க்கிலும் அதற்கே உரிய தற்செயலான ஏற்றத்தாழ்வு இருக்கிறது. ஒன்றை மட்டும் கழித்தால் புள்ளிகள் போகும், ஆனால் மெல்லிய மணல் போன்ற இரைச்சல் கூடும். பதினாறின் சராசரியில் அந்த ஏற்றத்தாழ்வு கால்வாசியாகிவிடும். "மாவு பொங்கிட்டு வருது, எடுடா உன் டப்பாவை" என்று அத்தை சத்தம் போட்டதும் உண்டு.

5

இவ்வளவு செய்தும் என் படத்தின் ஒரு மூலை சரியாகவில்லை.

கொல்லிமலையிலிருந்து பார்த்தால் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து பதினோரு டிகிரிதான் மேலே இருக்கும். நம் அட்சரேகை அவ்வளவுதான். அதற்குக் கொஞ்சம் இடப்பக்கம் அடிவானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கூடாரம். அது சேலம். இன்னும் இடது கையில் ராசிபுரம். மேட்டின் மறுபக்கம் போனால் நாமக்கல், அதைச் சுற்றிக் கோழிப்பண்ணைக் கொட்டகைகள் ஒளிக்கோடுகளாக. முட்டைக் கோழிக்கு ஒரு நாளைக்கு சுமார் பதினாறு மணி நேரம் வெளிச்சம் வேண்டும், சூரியன் தருவது போக மீதியை பல்பு தருகிறது. நெடுஞ்சாலை, லாரிப் பட்டறைகள், பெட்ரோல் பங்குகள். எங்கள் ஊர் பிழைக்கிற வெளிச்சம் அது.

இதையும் ஒரு படம் எடுத்துக் கழித்துவிட முடியாதா? முடியாது. இங்கேதான் டார்க் ஃப்ரேம் தோற்கிறது. ஒளியே தற்செயலாக வருகிறது, கூரையில் விழும் மழைத்துளி மாதிரி. சராசரியாக நூறு துளி விழும் இடத்தில் ஒரு தடவை தொண்ணூறு, இன்னொரு தடவை நூற்றுப்பத்து. இந்த ஏற்றத்தாழ்வு எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும்.

ஒரு மங்கல் நட்சத்திரம் 100 எலக்ட்ரான் தருகிறது என்று வைப்போம். இருண்ட வானமும் 100 தருகிறது. மொத்தம் 200, ஏற்றத்தாழ்வு சுமார் 14. நட்சத்திரம் அதைப்போல ஏழு மடங்கு, தெளிவாகத் தெரியும். ஊர் வெளிச்சம் கூடி வானம் 10,000 தருகிறது என்றால் ஏற்றத்தாழ்வு சுமார் 100. நட்சத்திரமும் 100. அது இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது. வானத்தின் சராசரியைக் கழிக்கலாம், ஆரஞ்சு நிறம் போய் கறுப்பாகவும் தெரியும். ஏற்றத்தாழ்வைக் கழிக்க முடியாது, ஏனென்றால் அது அடுத்த தடவை வேறாக இருக்கும். சிசிடியை எவ்வளவு குளிர வைத்தாலும் இது குறையாது. நூறு வருடம் தகட்டை வாட்டி, சிலிக்கானைக் குளிரவைத்துச் சம்பாதித்த எல்லாவற்றையும் சில தெருவிளக்குகள் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

பாப்பு 1982-இல் இறந்தார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் காவலூரில் ராஜீவ் காந்தியால் திறக்கப்பட்டு, அவர் பெயரையே பெற்றது. அடுத்த பெரிய தொலைநோக்கிக்கு இடம் தேடியபோது இந்திய வானியற்பியல் நிறுவனம் லடாக்கின் ஹான்லேவுக்குப் போனது. சுமார் 4500 மீட்டர் உயரம், 2 மீட்டர் தொலைநோக்கி, 2000-இல் முதல் ஒளி. உயரமும் வறண்ட காற்றும் அதற்கு முக்கியக் காரணங்கள், இருட்டும் ஒரு காரணம். 2022-இல் ஹான்லேயைச் சுற்றியுள்ள பகுதி இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு அரசும் கொல்லிமலையில், அரியூர் சோலைக் காட்டுப் பகுதியில், மாநிலத்தின் முதல் இருள்வானப் பூங்காவை அறிவித்திருக்கிறது. கொல்லிமலை என்றால் தேனும் பலாவும் மிளகும்தான் எங்களுக்குச் சொத்து. இருட்டையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அதைக் காப்பாற்றும் வேலை மலைமேல் இருப்பவர்களைவிட, கீழே சேலத்திலும் நாமக்கல்லிலும் விளக்கு போடுகிற எங்களிடம்தான் அதிகம் இருக்கிறது. விளக்கை அணைக்க வேண்டாம், வானத்தைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிற மாதிரி மூடி போட்டால் போதும். கோழிக்கும் அது தெரியப்போவதில்லை.

6

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். ஃபிரிட்ஜில் எடுத்த டார்க்குகளைக் கழித்த படத்தையும், கணினியில் ஒரே பட்டனில் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' கொடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டாவது வழவழவென்று இருந்தது. ஆனால் மங்கலான நட்சத்திரங்களையும் அது தின்றிருந்தது. மென்பொருளுக்குப் புள்ளி என்றால் புள்ளிதான், வானத்துப் புள்ளியா கேமராவின் புள்ளியா என்று அதற்குத் தெரியாது. அது ஊகிக்கிறது. முதல் படம் ஊகிக்கவில்லை, தன் குறையை அளந்து அதை மட்டும் எடுத்தது.

மாமா இரண்டாவது படத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது நான் பண்ண வேலை" என்றார்.

அம்மாயி, அதாவது மாமாவின் அம்மா, நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். கூடத்தில் மாலை போட்ட ஒரு படம்தான் எனக்குத் தெரிந்த அம்மாயி. மாவு மாதிரி வழவழப்பான முகம். அம்மாயிக்குச் சின்ன வயதில் பெரியம்மை வந்திருக்கிறது, முகமெல்லாம் தழும்பு. ஸ்டுடியோ ஆரம்பித்த புதிதில் மாமா எடுத்த படம் அது. நெகட்டிவில் தழும்புகள் ஒவ்வொன்றின் மேலும் கூர்மையான பென்சிலால் தொட்டுத் தொட்டு நிரப்பியிருக்கிறார். அந்தக் காலத்தில் எல்லா ஸ்டுடியோவிலும் செய்ததுதான், 'டச்சிங்' என்பார்கள். அம்மா அந்தப் படத்துக்கு விளக்கு வைக்கும்போதெல்லாம் சொல்வார்: "நல்லாத்தான் இருக்குது. எங்கம்மா மாதிரி இல்ல."

"அழுக்குன்னு நெனச்சு தொடைச்சுட்டேன் மாப்ள. அதுதான் அம்மாவோட மூஞ்சின்னு அப்பத் தெரியல" என்றார் மாமா. பிறகு கேட்டார்: "நான் போட்டத மட்டும் கழிக்க முடியுமா?"

கழிக்க வேண்டுமென்றால் அவர் என்ன போட்டார் என்று தனியாகத் தெரிய வேண்டும். பென்சில் கரி ஒரு விஷயத்தில் உதவும். நெகட்டிவுக்குப் பின்னால் விளக்கு வைத்தால் கரியும் படமும் ஒன்றாகத்தான் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் கரி மட்டும் பளபளக்கும். அந்தப் பளபளப்பை ஒரு படம், பின்னொளியில் ஒரு படம். ஒன்று மாமாவின் கை, இன்னொன்று அம்மாயியும் மாமாவின் கையும்.

நெகட்டிவ் பரணில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஜன்னலெல்லாம் அடைத்து, மேஜை விளக்கைச் சாய்த்துப் பிடித்தார் மாமா. கன்னத்தில், நெற்றியில், மூக்கின் ஓரத்தில் நூற்றுக்கணக்கான கரிப்புள்ளிகள் மின்னின. அவர் விளக்கை நகர்த்தவில்லை. நான் ஷட்டரைத் திறந்தேன்.